பாரத்துக்குப் பின்னால் ஒரு ஆள்

1

ஊரில் கேரியர் என்றால் அது சைக்கிளில் இருக்கும். அதில் நெல் மூட்டை வைப்போம், வாழைத்தார் வைப்போம், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை வைப்போம். நான் இருக்கும் நாட்டில் சைக்கிளை வைப்பதற்குக் காருக்கு ஒரு கேரியர் வேண்டும். பதினெட்டு வருட ஜெர்மனி வாழ்க்கையில் முருங்கைக்கீரைக்கு அடுத்தபடியாக நான் தேடி அலைந்த பொருள் இதுதான். கீரை கிடைக்காவிட்டால் குடி முழுகிவிடாது. இது கிடைக்காவிட்டால் முழுகிவிடும் என்ற நிலையில் போன மே மாதம் ஒரு வாரம் கிடந்தேன்.

விஷயம் இதுதான். என் மகள் இனியாவுக்குப் பதினாறு வயது. சைக்கிள் பந்தயங்களில் ஓட்டுகிறாள். நாங்கள் இருக்கும் ஊரிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத் தொலைவில், விளையாட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதிப் பள்ளி ஒன்று இருக்கிறது. அங்கே பத்து நாள் தேர்வு முகாமுக்கு அவளை அழைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் சைக்கிளோடு போய் நிற்க வேண்டும். போன உடனே நேரம் குறித்து ஓட்டவிடுவார்கள். தாமதமாக வருகிறவர்கள் அடுத்த வருடம் வரலாம். இங்கே பத்து மணி என்றால் பத்து மணிதான், நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகையில் போடுகிற பத்து மணி இல்லை.

தேர்வானால் ஆகஸ்டிலிருந்து அவள் அங்கேயே தங்கிவிடுவாள். ஆகாவிட்டால் வீட்டில் இருப்பாள். இரண்டில் எது நடக்க வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் விழித்திருப்பேன். நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

அவளோடு ஓட்டும் லேனா என்ற பெண்ணுக்கும் அழைப்பு வந்திருந்தது. லேனாவின் அப்பாவிடம் பெரிய வேன் இருக்கிறது. "நான் அவர்களோடு போய்விடுகிறேன்" என்றாள் இனியா. இட்லியைத் தொட்டுக்கொள்ளாமல் தின்றபடி, நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"நம்ம வீட்டுப் புள்ளைய அடுத்தவங்க கொண்டுபோய் விடுறதா? நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"சைக்கிளை எப்படிக் கொண்டுபோவாய்?"

"அது என் பாடு."

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் தமிழில் பேசுவது இனியாவுக்கு முழுக்கப் புரியும், பதில் ஜெர்மனில் வரும். ஏழெட்டு வயது வரை தமிழில்தான் வாயாடினாள். எந்த நாளில் நிறுத்தினாள் என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. ஆகவே இங்கே அவள் பேசுவதையெல்லாம் நான்தான் தமிழாக்கி எழுதுகிறேன். அவளே தமிழில் சொன்ன இடம் வரும்போது சொல்கிறேன்.

2

என் கணவர் இங்கே இருந்திருந்தால் பாதிக் கவலை அவர் தலையில் போயிருக்கும். அவர் பட்டா மாற்றத்துக்காக மன்னார்குடி தாலுகா ஆபீசில் நின்றுகொண்டிருந்தார். தினமும் போன் செய்து, "நாளைக்கு வாங்கன்னு சொல்றாங்க" என்றார். நானும் இங்கே கடை கடையாக ஏறி அதையே கேட்டுக்கொண்டிருந்தேன், இன்னும் கொஞ்சம் மரியாதையான ஜெர்மனில்.

முதல் கடைக்காரர் காருக்குப் பின்னால் இழுவைக் கொக்கி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. கூரையில் கம்பிகள் இருக்கின்றனவா? இல்லை, எங்கள் காரின் கூரை முழுக்கக் கண்ணாடி. வாங்கும்போது இனியா குழந்தை, படுத்துக்கொண்டே வானம் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டு வாங்கினோம். சரி, டிக்கிக் கதவில் பெல்ட் போட்டு மாட்டுகிற வகை? அவர் என் காரின் பெயரையும் வருடத்தையும் கணினியில் தட்டினார். டிக்கிக் கதவின் மேல் விளிம்பில் பிளாஸ்டிக் இறக்கை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது இருந்தால் மாட்டக்கூடாதாம். "உங்கள் காருக்குப் பொருந்துவது எதுவும் இல்லை" என்று முகம் மலரச் சொன்னார். இந்த ஊரில் இல்லை என்பதை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறார்களே என்று எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

இரண்டாவது கடையிலும் அதே கணினி, அதே பதில். கொக்கி வைத்துக் கொடுக்கும் பட்டறையில் ஐந்து வாரம் கழித்து நாள் கொடுத்தார்கள். ஐந்து வாரம் கழித்து என் மகளுக்கு யாரும் முகாம் நடத்தப்போவதில்லை. அந்த ஞாயிறு பார்த்துத் தண்டவாள வேலை என்று ரயிலையும் நிறுத்தியிருந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. வண்டி என்று ஒன்று இருக்கிறது. அதில் கதவு இருக்கிறது, விளிம்பு இருக்கிறது, கீழே கயிறு நுழைக்க ஓட்டை இருக்கிறது. இதில் ஒரு சைக்கிளைக் கட்ட முடியாது என்று ஒரு கணினி சொல்கிறது, அதைக் கேட்டு வளர்ந்த மனிதர்கள் தலையாட்டுகிறார்கள். கட்ட இடமில்லாத வண்டி ஒன்றை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் பக்கத்துக் கிராமத்துக்குப் போனேன். பழைய சாமான் விளம்பரம் பார்த்து ஒருவரிடம் பெல்ட் கேரியர் ஒன்றை வாங்கினேன். எந்தக் காருக்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டுத்தான் போயிருந்தேன்.

3

எங்கள் அப்பா கூலிக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். வண்டியும் மாடும் பண்ணைக்காரருடையவை. அறுவடை முடிந்ததும் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து வைக்கோலை ஏற்றிக்கொண்டு முத்துப்பேட்டைப் பக்கம் போவார். வைக்கோல் பாரம் ஏற்றுவது சாதாரண வேலை இல்லை. வண்டியின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு வெளியே பிதுங்க அடுக்கி, பெரிய கயிற்றை மேலே வீசி, இரண்டு பேர் காலை ஊன்றி இழுத்துக் கட்டுவார்கள். சாலையில் போகும்போது பின்னாலிருந்து பார்த்தால் வண்டியும் தெரியாது, மாடும் தெரியாது, அப்பாவும் தெரியமாட்டார். ஒரு வைக்கோல்போர் தானாக நகர்ந்துபோகிற மாதிரி இருக்கும்.

முன்னால் இருப்பவருக்கும் பின்னால் நடப்பது தெரியாது. அதனால் பாரத்துக்குப் பின்னால் ஒரு ஆள் நடந்து வர வேண்டும். எங்கள் வண்டிக்கு அம்மா. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அம்மாவோடு நானும். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை அப்பா முன்னாலிருந்து, "வருதா?" என்பார். அம்மா, "வருது" என்பாள். பாரம் சரிந்தால் எந்தப் பக்கம் என்று சொல்வாள். அவ்வளவுதான் பேச்சு. வழி நெடுக அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது.

ஒரு நாள் வாய்க்கால் மதகு ஏறும் இடத்தில் மின்கம்பி தாழ்ந்து தொங்கியது. வண்டி அதைக் கடந்து கொஞ்ச தூரம் போய்விட்டது. அப்பா, "வருதா?" என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. பாரத்தின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே மெல்லியதாகப் புகை கிளம்பியது.

"மாட்ட அவுத்துவிடுங்க" என்று கத்தினாள். "மேல பத்திக்கிச்சு, மாட்ட அவுத்துவிடுங்க."

நுகத்தோடு மாட்டைப் பிணைக்கிற பூட்டாங்கயிற்றை அவிழ்க்க நேரமில்லை. அப்பா இடுப்பிலிருந்த அரிவாளால் அறுத்தார். இரண்டு மாடுகளும் வயலில் இறங்கி ஓடின. அம்மா என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். திரும்பிப் பார்த்தபோது வண்டி முழுக்க எரிந்துகொண்டிருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு அதுவரை சூடுகூடத் தெரியவில்லையாம்.

ஏக்கத்தில் இதை எழுதவில்லை. அந்தச் சாலை எனக்கு இன்றும் பிடிக்காது, ஊருக்கு வந்தால் சுற்றிக்கொண்டுதான் போவேன். ஆனால் பாரத்துக்குப் பின்னால் ஒரு ஆள் வேண்டும் என்பது மட்டும் உடம்பில் ஏறிவிட்டது.

4

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு வாசலில் கட்டத் தொடங்கினேன். சைக்கிளைக் காருக்குள்ளேயே வைத்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். இனியாவும் அதைத்தான் கேட்டாள். பின் இருக்கையை மடக்கிச் சக்கரங்களைக் கழற்றினால் உள்ளே போகும். ஆனால் உள்ளே இடமில்லை. பத்து நாளைக்கான துணிப்பை, படுக்கை விரிப்பு, நின்ற இடத்தில் ஓட்டிப் பழகும் இரும்புச் சட்டம் ஆகியவை அவளுடையவை. ரைஸ் குக்கர், பொன்னி அரிசி, பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், நார்த்தங்காய், கம்பளி இரண்டு, வெந்நீர்க் கெட்டில் ஆகியவை நான் சேர்த்தவை.

"அங்கே சாப்பாடு போடுவார்கள் அம்மா. இதையெல்லாம் எடுத்துவிட்டால் சைக்கிள் உள்ளே போய்விடும்."

"அந்தச் சாப்பாட்ட மூணாவது நாள் நீ தொடமாட்ட."

"ரைஸ் குக்கர் உள்ளே, சைக்கிள் வெளியே. இது உனக்குச் சரியாகப் படுகிறதா?"

சரியாகப் படவில்லைதான். ஆனால் நான் தஞ்சாவூருக்கு விடுதியில் தங்கிப் படிக்கப் போனபோது அப்பா தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு விடுதி வாசல்வரை வந்தார். ஒரு பெண் பிள்ளை வீட்டைவிட்டுப் போகிறது என்றால் கைவீசிக்கொண்டு போகாது. ஊறுகாயை எடுத்துவிட்டால் என் மகளை அனுப்புவதற்கு நான் தயாராகிவிட்டேன் என்று ஆகிவிடும். நான் தயாராகவில்லை.

கேரியரை மாட்டினேன். அந்தப் பிளாஸ்டிக் இறக்கை இடிக்காமல் இருக்க அதன் கீழ் ஒரு துண்டை மடித்து வைத்தேன். சைக்கிளைத் தூக்கி வைத்து அதற்கே உரிய பெல்ட்டுகளைப் போட்டேன். அவற்றை நான் நம்பவில்லை. ஊரிலிருந்து துணி காயப்போடக் கொண்டுவந்த நைலான் கயிற்றை எடுத்து, காலைப் பம்பரில் ஊன்றி, இழுத்துக் கட்டினேன். சங்கிலியின் மசகு காரில் படாமலும், காரின் விளிம்பு சைக்கிளைக் கீறாமலும் இருக்கப் பழைய போர்வை ஒன்றை நடுவில் சுற்றினேன். பிறகு அண்ணனுக்கு வீடியோவில் போன் போட்டேன்.

அண்ணன் செல்வம் திருத்துறைப்பூண்டியில் குட்டியானை வண்டி ஓட்டுகிறார். இப்போது வைக்கோலை எந்திரமே சுருட்டிக் கொடுத்துவிடுகிறது, அதை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்.

"என்ன ஜெயா, காருக்குப் பின்னால சைக்கிள தொங்க விட்டிருக்க?"

"தொங்க விடலண்ணே, கட்டியிருக்கேன்."

"எங்க, ஆட்டிக் காட்டு."

ஆட்டினேன். கார்தான் ஆடியது.

"அப்பா கட்டு மாதிரியே இருக்கு. அது சரி, பின்னாடி யாரு வர்றா?"

"இங்கெல்லாம் அப்படி யாரும் வரமாட்டாங்கண்ணே. நூத்திருபதுல போவோம்."

"அதுக்குத்தான் கேக்குறேன். நூத்திருபதுல போறப்ப நீ முன்னாடி பாப்பியா, பின்னாடி பாப்பியா? பாரத்த அநாதையா அனுப்பக் கூடாதும்மா. இனியாவ பின் சீட்டுல உக்காந்து பாத்துட்டே வரச் சொல்லு."

இனியா பக்கத்தில்தான் நின்றாள். மாமாவைப் பார்த்துக் கையாட்டினாளே தவிர வாயைத் திறக்கவில்லை.

5

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு லேனா வீட்டு வேன் எங்கள் தெருவைக் கடந்துபோனது. பின்னால் சிவப்பு விளக்கு வைத்த பெரிய கேரியர். லேனாவின் அப்பா எங்கள் கட்டைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார், கையைக் காட்டிவிட்டுப் போனார். இனியா அந்த வேனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏழுக்குக் கிளம்பினோம். முன் இருக்கையில் ரைஸ் குக்கர். பெல்ட் போடவில்லை என்று கார் விடாமல் கத்தியதால் அதற்கும் பெல்ட் போட்டேன். பின் இருக்கையில் மூட்டைகளுக்கு நடுவே இனியா, முகத்தைப் பின்கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டு. எனக்குக் கண்ணாடியில் அவளுடைய பின்னந்தலையும் அதற்கு அப்பால் சைக்கிளின் ஒரு கைப்பிடியும் மட்டும் தெரிந்தன.

நெடுஞ்சாலையில் ஏறியதும் காற்று பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு லாரியைக் கடக்கும்போதும் பின்னால் ஏதோ முனகியது. நூற்றிருபது என்று அண்ணனிடம் பெருமையாகச் சொன்னவள் எண்பதில் போனேன். லாரிக்காரர்கள் விளக்கைச் சிமிட்டினார்கள்.

"வருதா?" என்று கேட்டுவிட்டேன். யோசித்துக் கேட்கவில்லை, வாயில் வந்துவிட்டது.

"என்ன வருகிறது?"

"சைக்கிள். பின்னால வருதான்னு கேட்டேன்."

"கட்டித்தானே இருக்கிறது? அது எப்படி வராமல் இருக்கும்?"

"இருக்கட்டும். கேட்டா சொல்லணும்."

அடுத்த முறை கேட்டபோது ஜெர்மனில் "ஆம்" என்றாள். அதற்கடுத்த முறை, "அம்மா, ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை" என்றாள். உயரமான பாலம் ஒன்றில் பக்கக்காற்று காரையே தள்ளியது. என் குரல் எனக்கே பிடிக்காத மாதிரி கீச்சென்று, "வருதா?" என்றது. இந்த முறை அவள் உடனே பதில் சொல்லவில்லை.

"இனியா, வருதா?"

"முன்சக்கரம் சுற்றுகிறது. காற்றில். வேறொன்றும் ஆகவில்லை. நீ முன்னால் பார்த்து ஓட்டு."

பாலம் முடிந்தது. பிறகு அவளிடம் வைக்கோல் வண்டியைப் பற்றிச் சொன்னேன். இத்தனை வருடத்தில் சொன்னதே இல்லை, ஏன் என்று தெரியவில்லை. புகையைப் பற்றிச் சொன்னேன். மாடு வயலில் இறங்கி ஓடியதைச் சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாததால் சொல்வது எளிதாக இருந்தது.

ஒரு லாரியைக் கடந்தோம். பிறகு, "மாடுகள் திரும்பி வந்தனவா?" என்று கேட்டாள்.

"வந்துச்சு. சாயங்காலம் அதுங்களே வந்துச்சு."

கொஞ்ச நேரம் கழித்து நான் மறுபடி, "வருதா?" என்றேன். பின்னாலிருந்து, "வருது" என்று வந்தது. தமிழில். ர வுக்கும் த வுக்கும் ஒரு குறையும் இல்லாமல் வந்தது. நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. காட்டிக்கொண்டால் நிறுத்திவிடுவாள்.

6

ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் போலீஸ் கார் ஒன்று எங்களைக் கடந்து முன்னால் வந்து, கூரையில் எழுத்துகளை எரியவிட்டது. பின்தொடரவும். அடுத்த வெளிவழியில் இறங்கி ஒரு சிற்றூரின் ஓரத்தில் நின்றார்கள். நானும் நின்றேன். பதினெட்டு வருடத்தில் கார் நிறுத்தும் கட்டணத்தைக்கூடத் தவறவிடாதவள் நான்.

இறங்கி வந்தவர் இளைஞர். பதற்றத்தில் அவரை 'நீ' போட்டுப் பேசிவிட்டேன். வாங்க போங்க என்று ங்க போடாமல் ஊரில் கோழியைக்கூட விரட்டாத என் வாய், ஒரு போலீஸ்காரரை நீ என்றது. அவர் தலையை மட்டும் அசைத்தார். பின்னால் போய் நின்று கட்டை ஆராய்ந்தார். கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"நன்றாகக் கட்டியிருக்கிறீர்கள்" என்றார்.

"விழாது" என்றேன், இந்த முறை மரியாதையோடு.

"விழாது, தெரிகிறது. ஆனால் உங்கள் நம்பர் பிளேட் எங்கே?"

போய்ப் பார்த்தேன். போர்வைக்குப் பின்னால் இருந்தது. இடது பக்க விளக்குக்கு முன்னால் சக்கரம். பிரேக் போட்டால் பின்னால் வருகிறவருக்குத் தெரியாது என்று விளக்கினார். மறைத்தால் இன்னொரு பிளேட்டும் விளக்குப் பலகையும் வெளியே மாட்ட வேண்டும். லேனா வீட்டு வேனில் பார்த்தேனே சிவப்பு விளக்கு, அதுதான்.

ஒரு வாரமாக அது விழுமா விழாதா என்று ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பாரம் வண்டியை மறைக்கக் கூடாது என்பது என் புத்தியில் எட்டவே இல்லை. எனக்குத் தெரிந்த பாரமெல்லாம் வண்டியை மறைத்துக்கொண்டுதான் போகும்.

சைக்கிளை இறக்காமல் போகவிட முடியாது என்றார். குரலில் கடுமை இல்லை, இளக்கமும் இல்லை. நான் கெஞ்ச வாயெடுத்தேன். வார்த்தைகள் வரிசை மாறி மாறி வந்தன. இனியா என் முன்னால் வந்து நின்றாள். இங்கிருந்து பள்ளிக்குச் சைக்கிள் பாதை இருக்கிறதா என்று அவரிடம் கேட்டாள். அவர் கைநீட்டிக் காட்டினார். ஓடைக்கரையோடு பாதை போகிறது, பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். கொஞ்ச தூரம் கார்ச் சாலையும் பக்கத்திலேயே வரும், பிறகு பாதை தனியாகப் பிரிந்துவிடும்.

"அப்படியானால் நான் ஓட்டிப்போகிறேன்" என்றாள்.

"போன உடனே ஓடணுமே. களைச்சுப் போயிடுவ."

"உடம்பு சூடாகும் அம்மா. நல்லதுதான். கட்டை அவிழ்."

அவிழ்க்கத்தான் முடியவில்லை. காலை ஊன்றிக் கட்டிய கட்டு. வழியெல்லாம் காற்றில் இறுகி முடிச்சு கல்லாகியிருந்தது. நகம் பிய்ந்தது. இனியா பல்லால் கடித்துப் பார்த்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி முடிச்சில் பல்லை வைத்தாள். அவளுடைய ஒரு வருடம் என் முடிச்சில் மாட்டிக்கொண்டு நின்றது. வேண்டுமென்றே இப்படிக் கட்டினாயா என்று அவள் கேட்டிருந்தால் இல்லை என்று சத்தியம் செய்திருப்பேன். ஆனால் ஒரு கணம், ஒரே ஒரு கணம், இந்த முடிச்சு அவிழாமலே போனால் என்ன என்று தோன்றியது. தோன்றியதை மறைக்க விரும்பவில்லை.

போலீஸ்காரரிடம் கத்தி கேட்டேன். மடக்குக்கத்தியை நீட்டினார். இனியா கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. என் கையாலேயே அறுத்தேன்.

சைக்கிளை இறக்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள், தலைக்கவசம் போட்டாள், ஏறினாள். தண்ணீர் குடி என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பாதையில் இருந்தாள்.

7

பத்து மணிக்குள் போய்விட்டாளா என்று கேட்பீர்கள். போய்விட்டாள். நான்தான் தாமதம். போலீஸ்காரர் எச்சரிக்கை எழுதிக் கொடுத்து முடித்து, நான் வழி தவறி, ரைஸ் குக்கரோடு வாசலில் போய் இறங்கியபோது அவள் நேரம் குறித்த ஓட்டத்தை முடித்து, புல்லில் படுத்துக் கிடந்தாள். ஆகஸ்டில் போகிறாள். மூட்டையை இப்போதே கட்டத் தொடங்கியிருக்கிறேன், இந்த முறை ஊறுகாய் ஒரு பாட்டில்தான். காருக்குக் கொக்கி வைக்கவும் நாள் வாங்கியாயிற்று. என் கணவர் பட்டாவோடு வந்து சேர்ந்து, நம்பர் பிளேட்டை யாராவது போர்வையால் மூடுவார்களா என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். அண்ணன் மட்டும் கேட்கவில்லை, அவர் வண்டியிலும் நம்பரைப் பார்க்க முடியாது.

எழுத நினைத்தது இதையெல்லாம் இல்லை. போலீஸ்காரர் என்னை விட்டபிறகு நான் வேகமாக ஓட்டி அவளை எட்டிப்பிடித்த அந்தக் கொஞ்ச தூரத்தைத்தான்.

சாலையும் பாதையும் பக்கத்தில் பக்கத்தில் போயின. நடுவில் ஒரு புல்வரப்பு மட்டும். அவள் முன்னால் குனிந்து ஓட்டிக்கொண்டிருந்தாள், நான் ஜன்னலைத் திறந்துவிட்டுப் பின்னால் மெதுவாக வந்தேன். என் காருக்குப் பின்னால் வெறும் கேரியர் கடகடத்துக்கொண்டு வந்தது. அதைப் பார்க்க ஆள் தேவையில்லை. அவளுடைய முதுகையும் சுற்றுகிற பின்சக்கரத்தையும் பார்த்துக்கொண்டே வந்தேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன், காற்று அடித்ததால் சரியாகத் தெரியவில்லை.

தூரத்தில் மரங்கள் வந்தன. பாதை அங்கே இடதுபக்கம் ஓடையோடு திரும்பிவிடும், கார் நேரே போக வேண்டும். கூப்பிடலாமா வேண்டாமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் வேகம் குறையும்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முகத்தை முன்னால் வைத்தபடியே குரலை மட்டும் உயர்த்தினாள்.

"அம்மா, வருதா?"

முன்னால் போகிறவர் கேட்க வேண்டும், பின்னால் வருகிறவர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அதில் இருக்கிறது. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "வருது" என்றேன். அவள் மரங்களுக்குள் திரும்பிய பிறகும் இன்னொரு முறை சொன்னேன்.